பதினோராவது மீட்டரில் ஒரு விருந்தாளி

என் அத்தையை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘மூணு மீட்டர்’ என்றால்தான் தெரியும். காய்கறிக் கடைக்காரர்கூட அவள் தெருமுனையில் திரும்பும்போதே, “மூணு மீட்டர் வருது, அழுகின தக்காளியை அடியிலேர்ந்து எடுத்துடு” என்று மனைவிக்குக் குரல் கொடுப்பார். மேலே பளபளவென்று அடுக்கியிருப்பதை நம்பாமல் கூடைக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்க்கிற ஒரே ஆள் அவள்தான்.

அவள் வேலை அப்படி. பாலமோ பள்ளிக்கூடமோ தண்ணீர்த் தொட்டியோ எதைக் கட்டுவதானாலும், அந்த இடத்தில் பூமிக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் துளைபோட்டுப் பார்ப்பார்கள். லாரி முதுகில் ஏற்றிய, துளைபோடும் போர் வண்டி. அதன் முனையில் வைரப்பல் பதித்த இரும்புக் குழாய். அது சுற்றிச் சுற்றி இறங்கும். நடுவில் இருக்கும் கல்லை மட்டும் உடைக்காமல் உருளையாக வெட்டி உள்ளே வாங்கிக்கொள்ளும். வெளியே எடுத்தால் என் மணிக்கட்டைவிடக் கொஞ்சம் பருமனாக, வழவழவென்று ஒரு கல் உருளை. அதற்குக் கோர் என்று பெயர். வந்த வரிசை மாறாமல் மரப்பெட்டியில் அடுக்கி, ஒவ்வொன்றும் எத்தனையாவது மீட்டரில் கிடைத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அத்தை அந்த வண்டியின் இருக்கையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். போட்ட கையெழுத்தில் ஒன்றுகூடத் தப்பானதில்லை. இதை அவள் சொல்லிக்கொள்ள மாட்டாள். அவளுடைய முதலாளி, வேலை பிடிக்கப் போகிற இடத்திலெல்லாம் சொல்லுவார்.

மூன்று மீட்டர் என்பது அந்தத் தொழிலின் சட்டம். கல் தட்டுப்பட்டது என்று குதிக்கக் கூடாது. தட்டுப்பட்டது மண்ணுக்குள் கிடக்கும் வெறும் குண்டுப்பாறையாகவும் இருக்கலாம்; பாரம் ஏறினால் அடியில் இருக்கும் மண்ணோடு சேர்ந்து அமுங்கிவிடும். இன்னும் மூன்று மீட்டர் உள்ளே போ. மூன்றும் விடாமல் கல்லாக வந்தால், அது பூமியோடு ஒட்டிய தாய்ப்பாறை. அதன்மேல் எதை வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

இந்தச் சட்டத்தை அத்தை மனிதர்கள்மேலும் போட்டுவிடுவாள் என்பதுதான் எங்கள் வீட்டுத் தொல்லை. ஒருமுறை அவளைப் பெண் பார்க்க வந்தவர் தான் கட்டட கான்ட்ராக்டர் என்றார். அத்தை எந்தக் கட்டடம் என்று கேட்டாள். சொன்னார். அங்கே அஸ்திவாரம் எத்தனை ஆழம் என்று கேட்டாள். அதையும் எப்படியோ சொன்னார். கம்பி கட்டியது யார் என்றாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அவசர வேலை ஞாபகம் வந்து எழுந்து போனார். “ரெண்டரை மீட்டர்லயே மண்ணு வந்துடுச்சு, அண்ணி” என்று என் அம்மாவிடம் சொல்லிவிட்டு அத்தை அவருக்கு வைத்த டீயையும் எடுத்துக் குடித்தாள்.

இப்படிப்பட்டவளை ஒரு கல் ஏமாற்றியது. அந்தக் கதைதான் இது.

எங்கள் ஊர் ஒரு பெரிய பள்ளத்தாக்கின் தரையில் இருக்கிறது. இரண்டு பக்கமும் மலை. தலைப்பக்கம், பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி, மூன்று பக்கமும் கடித்துத் துப்பின மாதிரி கூரான சிகரம். அதன் மடியில் இன்னும் கொஞ்சம் பழைய பனி மிச்சம் இருக்கிறது. நடுவில் ஆறு. ஆற்றின்மேல் இருந்த ஒற்றை வழிப் பாலம் ஆட்டம் கண்டுவிட்டது என்று புதுப்பாலம் கட்ட முடிவானது. கரைக்கு ஒரு தூண், நடுவில் ஒரு தூண். மூன்று இடத்திலும் துளைபோட்டது அத்தைதான். இடது கரையில் ஒன்பதாவது மீட்டரில் பாறை. வலது கரையில் பன்னிரண்டு. நடுவில் துளை போட்ட வாரம் மேலே மழை பிடித்துக்கொண்டு ஆறு ஏறிக்கொண்டிருந்தது. வண்டி நின்ற மண்திட்டைத் தண்ணீர் நக்க ஆரம்பித்துவிட்டது. பதினோராவது மீட்டரில் கல் தட்டியது. சட்டப்படி பதினாலு வரை போனார்கள். மூன்று மீட்டரும் ஒரே சாம்பல் நிறக் கல். சேற்றோடு சேறாகப் பெட்டியில் போட்டு, ‘தாய்ப்பாறை’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, வண்டியைக் கரையேற்றினார்கள்.

கம்பெனிக் கிடங்கு நிரம்பி வழிந்ததால் அந்தப் பெட்டிகள் எங்கள் வீட்டுப் பின்கொட்டகைக்கு வந்தன. இன்ஜினியர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்து போட்டோ எடுப்பதாக இருந்தது. இதற்குமேல் நடந்ததில் என் கை இருக்கிறது என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடுத்தூண் பெட்டியிலிருந்து ஒன்றரை சாண் நீளக் கோர் ஒன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அம்மா மாவு தேய்க்கும் கட்டையை, கைப்பிடியை அறுத்து, பசையும் சாம்பலும் பூசிப் படுக்க வைத்தேன். இன்ஜினியர் வந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். “நல்ல பாறை” என்றார். போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் கொட்டகைக்குப் பின்னால் வாயில் சட்டையைத் திணித்துக்கொண்டு சிரித்தேன்.

கட்டை போன இடத்தில் கல்லை வைக்காவிட்டால் அம்மா தேடுவாளே என்று கோரைக் கழுவி அடுப்படியில் வைத்துவிட்டேன். அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தூக்கிப் பார்த்தாள். உருட்டிப் பார்த்தாள். “நல்ல கனமா இருக்கு, அமுக்கவே வேண்டாம்” என்று அன்று முதல் அதில்தான் ரொட்டிக்கு மாவு தேய்த்தாள். விடிவதற்குள் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வரும் அத்தைக்குத் தட்டில் விழுந்த ரொட்டிதான் தெரியும், கட்டை தெரியாது.

பத்தாவது நாள் செவ்வாய்க்கிழமை. மழையால் வேலை இல்லை. அத்தை அடுப்படியில் உட்கார்ந்து, தானே மாவு தேய்க்கிறேன் என்று கையை நீட்டினாள்.

“அண்ணி, இது எங்க கிடைச்சது?”

“உன் மருமகன் கொண்டாந்து வச்சான். ஏன், ஒட்டவே ஒட்டாது, பாரேன்.”

“டேய்!”

நான் அதற்குள் பின்சுவரில் ஒரு காலைப் போட்டிருந்தேன். வழக்கமாக முதல் ‘டேய்’க்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஒரு பாத்திரமாவது பறந்து வரும். அன்று இரண்டாவது ‘டேய்’ வரவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. இறங்கி ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அத்தை அந்தக் கல்லை வெளிச்சத்தில் பிடித்து மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தாள். பத்து நாள் மாவும் எண்ணெயும் தேய்த்துத் தேய்த்து சாம்பல் நிறக் கல் கரேலென்று ஆகியிருந்தது. அந்தக் கறுப்பில், வெட்டிப்போட்ட நகத்துண்டுகள் மாதிரி, வெள்ளை வெள்ளையாகப் பிறைகள். நூற்றுக்கணக்கில். சிப்பிகள்.

“எந்தப் பெட்டி?” குரலில் கோபமே இல்லை.

“நடுத்தூண். கடைசி வரிசைக்கு ரெண்டு வரிசை முன்னாடி.”

கொட்டகைக்குப் போனாள். சாம்பல் பூசிய கட்டையை எடுத்து ஓரமாக வைத்தாள். அதால் என்னை ஒரு சாத்து சாத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மிச்சக் கோர்களை ஒவ்வொன்றாக வாளியில் கழுவி, அம்மாவின் எண்ணெய்த் துணியால் துடைத்தாள். எல்லாவற்றிலும் சிப்பி. மூன்று மீட்டருக்கும் சிப்பி.

“சிப்பி இருந்தா என்ன? கல்லு கல்லுதானே?” என்றாள் அம்மா.

“இந்தக் கல்லு இங்க இருக்கக் கூடாது, அண்ணி.”

ஏன் கூடாது என்று புரிய, கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும். பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடம் நடந்த அன்று நான் வகுப்புக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். எனவே ஜன்னல் வழியாகக் காதில் விழுந்ததையும், பிறகு இன்ஜினியரைத் துளைத்தெடுத்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எங்கள் மலைகள் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கடல் இருந்தது. கடலடியில் சேறு. அதில் சிப்பிகள் வாழ்ந்து, செத்து, படிந்தன. படிவின்மேல் படிவு. கோடிக்கணக்கான வருடம் அமுங்கிக் கல்லாயிற்று. பிறகு இரண்டு பக்கத்து நிலங்களும் ஒன்றையொன்று தள்ள ஆரம்பித்தன. வேகம் என்ன தெரியுமா? நம் விரல் நகம் வளர்கிற வேகம். பாயை இரண்டு முனையிலிருந்தும் தள்ளினால் நடுவில் மடிந்து எழும் இல்லையா, அப்படிக் கடல்தரை மடிந்து எழுந்தது. நகம் வளர்கிற வேகத்தில் எழுந்தே மேகத்துக்கு மேலே போய்விட்டது. சிப்பி இருந்த அடுக்கு எங்கள் பகுதியில் ஒரே ஒரு இடத்தில்தான் வெளியே தெரிகிறது. பள்ளத்தாக்கின் தலையில், அந்தக் கூரான சிகரத்தின் தோளில். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அங்கே ரோப் கார் தூண்களுக்குத் துளைபோட்டதும் அத்தைதான். கீழே ஊர்த் தரையில் அவள் போட்ட நூற்றுக்கணக்கான துளைகளில் அதே சாம்பல் கல் வந்திருக்கிறது, ஆனால் ஒரு சிப்பிகூட வந்ததில்லை.

அப்படியானால் சிகரத்தின் ஒரு துண்டு, பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி, ஆற்றுக்கு அடியில் பதினோரு மீட்டர் ஆழத்தில் என்ன செய்கிறது? ஆறு உருட்டிக்கொண்டு வந்ததா? ஆறு கூழாங்கல்லை உருட்டும். மிஞ்சிப்போனால் ஒரு பீரோ அளவு கல்லை வெள்ளத்தில் புரட்டும். மூன்று மீட்டருக்கும் மேல் பருமனான பாறையை அது தொட்டுக்கூடப் பார்க்காது.

தூக்கி வந்தது பனி.

இப்போது எங்கள் தெரு இருக்கும் இடத்தில், தெருவிளக்குக்கு மேலே, கோபுரம்மேல் கோபுரமாகப் பத்துப் பதினைந்து அடுக்கினால் வருகிற உயரத்துக்குப் பனி இருந்ததாம். விழுந்த பனி உருகாமல், அதன்மேல் இன்னும் விழுந்து, தன் பாரத்தாலேயே இறுகிக் கண்ணாடிக் கட்டியாகி, பிறகு தன் பாரத்தாலேயே கீழ்நோக்கி நகர ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு ஒரு சாண், இரண்டு சாண். போகிற வழியில் மலையைப் பிய்த்துத் தன் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டது. பிய்த்த கற்கள் உப்புத்தாளில் ஒட்டிய மணல் மாதிரி வேலை செய்தன. ஆறு அறுத்த பள்ளத்தாக்கு நடுவில் மடித்த காகிதம்போலக் கீழே கூராக இருக்கும். எங்கள் பள்ளத்தாக்கு குளிக்கிற தொட்டி மாதிரி: பக்கங்கள் செங்குத்து, அடி அகலம். அதைத் தோண்டியது அந்த உப்புத்தாள். பக்கத்துச் சின்னப் பள்ளத்தாக்குகள் பாதி உயரத்தில் அந்தரத்தில் நிற்பதும், அங்கிருந்து அருவிகள் குதிப்பதும் அதனால்தான். பெரிய பனி தரையை அவற்றின் காலடியிலிருந்து எடுத்துவிட்டது. சிகரத்தைக் கூராக்கியதும் அதுதான், மூன்று பக்கமும் உட்கார்ந்து கொறித்துக் கொறித்து.

பிறகு உலகம் சூடானது. பனி பின்வாங்கியது. அவசரத்தில் வீடு காலி செய்கிறவன் சாமானை அப்படியே போட்டுவிட்டுப் போகிற மாதிரி, மாவாய் அரைத்த களிமண்ணும் கூழாங்கல்லும் வீடு மாதிரிப் பாறைகளும் ஒன்றாகக் கிடந்தன. அதன்மேல் ஆறு ஓடி, மணல் போட்டு மூடிவிட்டது. அதன்மேல் நாங்கள் வந்து பாலம் கட்டுகிறோம்.

அத்தை அன்று இரவு சாப்பிடவில்லை. வியாழக்கிழமை நடுத்தூணுக்கு கான்கிரீட் கொட்டுவதாக ஏற்பாடு. புதன்கிழமை காலை என் சட்டைக் காலரைப் பிடித்து முதலாளியின் அலுவலகத்துக்கு இழுத்துப் போனாள். சாட்சியாக அல்ல, பெட்டியில் கைவைத்த குற்றவாளியாக.

முதலாளி என் கதையைக் கேட்டுச் சிரித்தார். அத்தையின் கதையைக் கேட்டு நிறுத்தினார்.

“மூணு மீட்டர் கல்லு வந்துச்சா இல்லையா?”

“வந்துச்சுங்க.”

“ரூல் என்ன?”

“மூணு மீட்டர்.”

“அப்புறம் என்னம்மா உனக்கு?”

“சிப்பி இருக்குங்க.”

“சிப்பி இருந்தா சமைச்சு சாப்பிடு! நாளைக்கு கான்கிரீட் வருது. இப்பப் போய்த் தப்புன்னு சொன்னா யாரு தப்பு? கையெழுத்து யாரோடது?”

“என்னோடதுதான்.”

“அப்ப வாயை மூடிக்கிட்டு இரு. யாரும் கேக்கலை.”

“யாரும் கேக்க மாட்டாங்க. நான் எழுதினா கேக்கறதில்லை. அதான் பயமா இருக்கு.”

முதலாளி பேனாவை மூடினார். “சொல்லுறதுன்னா சொல்லு. ஆனா அந்த சீட்டுல நீ மறுபடி உக்காருவேன்னு நினைக்காதே. லைசென்ஸ் ஆபீஸ்காரன் விட மாட்டான். நானும் விட மாட்டேன். இருபத்திரண்டு வருஷம், யோசிச்சுக்கோ.”

வெளியே வந்து அத்தை படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். நான் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாமா என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. எனக்கு ஒன்றும் வராமல் போவது அபூர்வம். எதிரே பழைய பாலத்தில் பள்ளிக்கூட பஸ் ஒன்று ஊர்ந்து ஊர்ந்து போனது. அது அக்கரை சேரும்வரை பார்த்துவிட்டு எழுந்தாள்.

பாலத்து வேலையிடத்தில் இன்ஜினியர் தகரக் கொட்டகைக்குள் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். அத்தை விஷயத்தைச் சொன்னாள்.

“பெட்டியை நானே பாத்தேனே, மேடம். ஒவ்வொரு கோரையும் பாத்தேன். போட்டோ இருக்கு.”

அத்தை பையிலிருந்து சாம்பல் பூசிய கட்டையை எடுத்து வரைபடத்தின்மேல் வைத்தாள். “இதையும் பாத்தீங்க.”

அவர் கையில் எடுத்தார். சுரண்டினார். முகர்ந்து பார்த்தார்.

“இது… மரமா?”

“மாவு தேய்க்கிற கட்டைங்க.”

இன்ஜினியர் காதுவரை சிவந்தார். என்னைப் பார்த்தார். நான் வரைபடத்தைப் பார்த்தேன். “நீங்க தப்பா எழுதினீங்க. நான் தப்பாப் பாத்தேன்” என்று கடைசியில் மெதுவாகச் சொன்னார். “கான்கிரீட்டை நிறுத்திடறேன். அஞ்சு நாள் தர்றேன். உங்க முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன். அதே துளையில இறங்குங்க.”

இறங்கினார்கள். கூடவே இருக்கும் குழாய்க்காரர், குழாயோடு குழாயைப் பூட்டிக் கொடுக்கிறவர், அத்தையோடு எட்டு வருடமாக வேலை செய்பவர். அவர் மட்டும்தான் எதுவும் கேட்காமல் வந்தார். பதினாலாவது மீட்டரில் விட்ட இடத்தில் மறுபடி தொடங்கினார்கள். பதினைந்து. கல். பதினாறு. கல். வேலை நின்றுபோன கோபத்தில் கட்டடத் தொழிலாளிகள் கரையில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். அம்மாவும் வந்துவிட்டாள். பதினேழு. கல். முதலாளி கரையிலிருந்து கைதட்டினார். “ஆறு மீட்டர் ஆச்சு! போதுமா? இல்லை, பூமிக்கு அந்தப் பக்கம் போயிட்டு வர்றியா?”

அத்தை கரைப்பக்கம் திரும்பாமல் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லாகவே வந்தால் அவள் ஊரையே நிறுத்தி வைத்த முட்டாள். மண்ணு வந்தால், தப்பான கையெழுத்துப் போட்டவள். எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி அவளுக்குத்தான். இருந்தாலும் கை நெம்புகோலைவிட்டு விலகவில்லை.

பதினேழு மீட்டர் இருபது சென்டிமீட்டரில் இன்ஜின் சத்தம் மாறியது. பாரம் இறங்கின லாரி மாதிரி சட்டென்று லேசானது. குழாய் ஒரு சாண் தானாகவே இறங்கியது. துளையிலிருந்து வெளுப்பாக வந்துகொண்டிருந்த தண்ணீர் நீலச்சாம்பலாகக் குழம்பி வந்தது.

“நிறுத்து!” என்றாள்.

மேலே தூக்கினார்கள். குழாய்க்காரர் கோரை வெளியே தள்ளினார். முதலில் கல். சிப்பிகளோடு. பிறகு அது முடிந்தது. அதற்கடியில், பசைபோல ஒட்டிக்கொண்டு, கூழாங்கல் கலந்த களிமண்.

அத்தை கல்லிலிருந்து களிமண்ணை விரலால் வழித்தாள். நான் ஓடிப்போய் வாளியில் தண்ணீர் எடுத்து ஊற்றினேன். கல்லின் அடிமுகம் தெரிந்தது. தட்டையாக, முகம் பார்க்கலாம்போல வழவழவென்று. அதன் குறுக்கே அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி மெல்லிய கீறல்கள், எல்லாம் ஒரே திசையில்.

மூன்று மாடி வீட்டின் பாதி உயரம் இருக்கிற ஒரு பாறை, பனியின் வயிற்றில் மாட்டிக்கொண்டு, பதினெட்டு கிலோமீட்டர் தரையில் தேய்ந்து தேய்ந்து வந்திருக்கிறது. அது தேய்ந்த தழும்பு எங்கள் முன்னால் ஒரு கைப்பிடி அகலத்தில் ஈரமாக மின்னியது. அந்தக் கீறலின்மேல் கடைசியாக வெளிச்சம் விழுந்தது எப்போது? விழவே இல்லை. அதைக் கீறியது இருட்டு. முதல் வெளிச்சம் எங்களுடையதுதான். இன்ஜினியர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் தொடலாமா என்று கேட்டுவிட்டுத் தொட்டார்.

“இது இங்க வந்து எவ்வளவு காலம் ஆகியிருக்கும்?” என்று குழாய்க்காரர் கேட்டார்.

“பன்னிரண்டாயிரம், பதினஞ்சாயிரம் வருஷம்” என்றார் இன்ஜினியர்.

“நான் எட்டு வருஷமா இருக்கேன், என்னை இன்னும் வெளியூர்க்காரன்னுதான் சொல்றாங்க. இதைப் போய் நாம தாய்ப்பாறைன்னு எழுதிட்டோமே, அக்கா.”

அத்தை சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. முதலாளி எப்போது போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

உண்மையான தாய்ப்பாறை முப்பத்தெட்டாவது மீட்டரில் கிடைத்தது. அதற்குள்ளும் அத்தை பத்து மீட்டர் போனாள். போதும் என்று இன்ஜினியர் இரண்டு முறை சொன்ன பிறகுதான் நிறுத்தினாள். பழைய தாளில் ‘தாய்ப்பாறை’யை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் ‘பனி கொண்டுவந்த பாறை’ என்று எழுதி, தேதி போட்டு, மறுபடி கையெழுத்திட்டாள். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. லைசென்ஸ் மூன்று மாதத்துக்கு நிறுத்தம். தவறு எப்படி நேர்ந்தது என்று சொந்தக் கையெழுத்தில் விளக்கம் தர வேண்டும்; கொடுத்தால்தான் திரும்பத் தருவதைப் பற்றி யோசிப்பார்கள். கீழே விளக்கத்துக்கென்று பாதிப் பக்கம் காலியாக விட்டிருந்தார்கள்.

அந்தப் பாதிப் பக்கம் அவளைப் படுத்தியெடுத்தது. ஆறு ஏறியது என்று எழுதினாள். சாக்குப்போக்கு என்று கிழித்தாள். கோரைக் கழுவவில்லை என்று எழுதினாள். அதுவும் முழுசாக இல்லை என்று கிழித்தாள். கடிதத்தை நகலெடுத்து நகலெடுத்து எனக்கு ஜெராக்ஸ் கடைக்காரரோடு சிநேகமே ஆகிவிட்டது. கொடுக்க வேண்டிய நாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது, “அந்தக் கல்லு வந்த இடத்தைப் பாத்துட்டு வரணும், அண்ணி” என்றாள். மூன்று பேரும் கிளம்பினோம்.

ரோப் காரில் சிகரத்தின் தோள் தொடங்கும் இடம்வரை. மிச்சம் நடை. அம்மா பத்தடிக்கு ஒரு தரம் உட்கார்ந்து, “உங்க குடும்பத்துல கல்யாணம் பண்ணினதுக்கு இன்னும் என்னெல்லாம் ஏறணுமோ” என்றாள். சிகரத்தின் தோளில் சிப்பிச் சுவர் இருந்தது. ஊர் அகலத்துக்கு நீண்ட சாம்பல் சுவர், அதில் முழுக்க வெள்ளைப் பிறைகள். அத்தை அதில் ஒரு பள்ளத்தைத் தேடினாள், ‘இங்கிருந்துதான் போனது’ என்று காட்டும் ஏதாவது ஒன்றை. எங்கே பார்த்தாலும் பள்ளம்தான். ஆயிரம் கல் பிய்ந்த இடத்தில் தன்னுடையதை எப்படிக் கண்டுபிடிப்பது? அம்மா ஒரு சிப்பியின்மேல் விரல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். “இது கடல்ல இருந்துச்சா? நான் இன்னும் கடலையே பாத்ததில்லையே” என்றாள்.

சுவருக்குக் கீழே பனி. நான் வெள்ளையாக எதிர்பார்த்தேன். கறுப்பாக, அழுக்காக, ஜல்லி கொட்டின முற்றம் மாதிரி இருந்தது. “இதுக்கா இவ்வளவு தூரம்?” என்று வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். ஏனென்றால் சத்தம் கேட்டது. காலுக்கடியில், ரொம்ப ஆழத்தில், யாரோ பெரிய கதவை மெதுவாகத் திறக்கிற மாதிரி ஒரு முனகல். பிறகு ஒரு சொடக்கு. பிறகு எங்கேயோ தண்ணீர்.

கொஞ்சம் தள்ளி ஒரு பாறை, சாப்பாட்டு மேசை அளவு, ஒற்றைப் பனிக்காலின்மேல் அந்தரத்தில் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் வெயிலில் உருகிவிட்டது. பாறையின் நிழலில் இருந்த பனி மட்டும் உருகாமல் காலாக நின்று அதைத் தாங்கியது. அதன் விளிம்பிலும் வெள்ளைப் பிறைகள். லேசாகத் தள்ளினால் சாய்ந்துவிடும்போல இருந்தது. எனக்குக் கை அரித்தது. தள்ளவில்லை.

அத்தை அதைச் சுற்றி வந்தாள். குனிந்து காலைப் பார்த்தாள். பனியில் உள்ளங்கையை வைத்தாள்.

“இன்னும் வேலையிலதான் இருக்கு” என்றாள்.

“உன்னை மாதிரி அதுக்கு யாரும் லெட்டர் குடுக்கலை” என்றாள் அம்மா.

திரும்பிப் பார்த்தால் பள்ளத்தாக்கு முழுசாகத் தெரிந்தது. தொட்டி. நிஜமாகவே தொட்டி. அதன் அடியில் ஒரு நூல், அது ஆறு. நூலின்மேல் ஒரு முடிச்சு, அது பாலம் வேலை. அந்த முடிச்சிலிருந்து இந்தப் பாறைவரை இருந்த வெற்றிடம் முழுவதும் ஒரு காலத்தில் பனியால் நிரம்பியிருந்தது என்று நினைக்க முயன்றேன். மூளை பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டது.

அத்தை ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, பையிலிருந்து கடிதத்தை எடுத்து, முழங்கால்மேல் வைத்து எழுத ஆரம்பித்தாள். இந்தமுறை கிழிக்கவில்லை. முதலில் கழுவாமல் பெட்டியில் போட்டதை எழுதினாள், ஆறு ஏறியதைப் பற்றி ஒரு சொல் இல்லாமல். பிறகு பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு அந்தப் பாறையைப் பார்த்தாள். இன்னும் இரண்டு வரி எழுதினாள். தோளுக்கு மேலால் எட்டிப் படித்தேன்.

‘நான் துளைத்தது மலையைத்தான். மலை நடந்து வந்திருக்கும் என்று நினைக்கவில்லை.’

“இப்படியெல்லாமா ஆபீசுக்கு எழுதுவாங்க?” என்றேன்.

“நடந்தது அதானேடா” என்று சொல்லி, கீழே கையெழுத்துப் போட்டாள்.